அடைமழைக்கு முன் ஓர் இலை அறுவடை! - ராமநாதபுரம் கரையோர வீடுகளின் மழைக்கால மருந்துப் பெட்டி

கச்சான் காற்று ஓய்ந்து வாடை எப்போது திரும்பும் என்று மீனவர்கள் கடலைப் பார்த்துக் கணக்குப் போடும் நாட்களில், கரையில் இன்னொரு கணக்கும் ஓடும். புரட்டாசி வெயில் இன்னும் எத்தனை நாள் தாங்கும்? அதற்குள் கொல்லையில் நிற்கும் துளசியையும் ஆடாதோடையையும் ஒடித்துக் காயவைத்துவிட முடியுமா?

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவமழையாக ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான் வந்து சேரும். மற்ற மாதங்களில் காய்ந்து கிடக்கும் பூமி, அந்த இரண்டு மாதங்களில் ஈரம் சொட்டச் சொட்ட நிற்கும். மழை வந்துவிட்டால் துணியே காயாது, இலை எங்கே காயும்? அதனால்தான் சளி, இருமல், காய்ச்சலுக்கான கைமருந்துகளை மழைக்கு முன்பே தயார் செய்துவிடும் வழக்கம் இங்கே ஏற்பட்டது.

இது ஏதோ பொழுதுபோக்கு வேலை இல்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் சில மணி நேரத்திலேயே 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டித் தீர்த்தது. தங்கச்சிமடம், பாம்பன் பகுதிகளும் வெள்ளக்காடாயின. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியையே கடல் கொண்டுபோன கதையைக் கேட்டு வளர்ந்த தீவு இது. கடலுக்குப் படகு போகாத, தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் நாளில் பிள்ளைக்கு மூக்கடைப்பும் இருமலும் வந்தால், முதல் இரவைச் சமாளிக்க வீட்டில் இருப்பதுதான் கைகொடுக்கும். அந்த முதல் இரவுக்கு எது உதவும், எது உதவாது, எது ஆபத்து என்று தெரிந்து வைத்துக்கொள்வதில்தான் விஷயமே இருக்கிறது.

ஆடு தொடாத வேலி

ஆடுகள் நிறைந்த மாவட்டம் இது. வாசலில் எதை நட்டாலும் மறுநாள் காலையில் மொட்டைக் குச்சிதான் மிஞ்சும். அப்படிப்பட்ட ஊரில் ஆடாதோடை மட்டும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும். கசப்பு அப்படி! ஆடு தொடாத இலை என்பதால்தான் அந்தப் பெயரே வந்தது என்பார்கள். கொல்லைக்கு வேலியாகவும் ஆயிற்று, இருமலுக்கு மருந்தாகவும் ஆயிற்று. கொஞ்சம் உவர்ப்பான தண்ணீரையும் அது பொறுத்துக்கொள்ளும் என்பது கரையோர மக்களுக்குக் கூடுதல் வசதி.

ஆடாதோடை இலையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி கரைக்கும் மருந்தை ஜெர்மனியில் உருவாக்கினார்கள். 1960-களில் அது விற்பனைக்கு வந்தது. அதன் வழியில் பிறந்ததுதான் அம்ப்ராக்சால். இன்று மருந்துக் கடைகளில் வாங்கும் இருமல் சிரப்புகள் பலவற்றின் லேபிளில் இந்த இரண்டு பெயர்களில் ஒன்று இருக்கும். வேலியோரத்துச் செடிக்கும் அந்த சிரப் பாட்டிலுக்கும் இப்படி ஓர் உறவு இருப்பது பலருக்குத் தெரியாது.

ஆடாதோடைக்கு அடுத்தபடியாக இந்தப் பக்கத்துக் கொல்லைகளில் எளிதாக வருவது நொச்சி, துளசி, கற்பூரவல்லி, தூதுவளை. தங்கச்சிமடத்து மணலில் மல்லிகை நாற்று வளர்த்துத் தமிழகம் முழுக்க அனுப்புகிறார்கள். அந்தக் கைகளுக்குத் துளசியும் கற்பூரவல்லியும் ஒரு பொருட்டே இல்லை. கற்பூரவல்லியின் கிளையை ஒடித்து மணலும் ஆட்டு எருவும் கலந்த தொட்டியில் செருகினால் போதும், இரண்டே வாரத்தில் வேர் பிடித்துவிடும். தூதுவளைக்கு மட்டும் படர ஒரு கம்பும், முள்ளைப் பொறுத்துக்கொள்ளும் மனசும் வேண்டும். கத்தரிக்காயின் குடும்பத்தைச் சேர்ந்தது தூதுவளை. ஊதா நிறத்தில் பூக்கும் அந்தப் பூவைப் பார்த்தாலே உறவு தெரிந்துவிடும்.

எப்போது ஒடிப்பது?

காலையில் பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன். பொதுவாக எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள். ஈரத்தோடு ஒடித்தால் இலை கறுத்துவிடும். உச்சி வெயிலில் ஒடித்தால் வாசனை எண்ணெய் குறைந்திருக்கும். துளசியைக் கதிர் விட்டு முற்றுவதற்கு முன் எடுக்க வேண்டும். நிலவேம்பு இதற்கு நேர் எதிர்: ஆடியில் விதைத்தால் ஐப்பசி வாக்கில் பூக்கத் தொடங்கும், அப்போதுதான் அதன் கசப்புச் சத்து உச்சத்தில் இருக்கும், அப்போதுதான் அறுக்க வேண்டும். மழை அதற்காகக் காத்திருக்காது என்பது வேறு விஷயம். அதனால் கொஞ்சம் முன்னதாக விதைப்பதே கரையோரத்துக்குச் சரிப்படும்.

செடியை மொட்டையடிக்கக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு இலையாவது நிற்க வேண்டும். மழை பெய்ததும் அது மறுபடி துளிர்க்கும். அந்தத் துளிருக்குத் தனி வேலை இருக்கிறது.

உப்புக் காற்றும் கருவாட்டு வாசமும்

உள்ளூரில் இருப்பவர்களுக்கு நிழலில் உலர்த்துவது தெரிந்த விஷயம்தான். வெயிலில் போட்டால் நிறமும் மணமும் போய்விடும். ஆனால், கடலோரத்தில் இதோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. மொட்டைமாடியில் பரப்பினால் உப்புக் காற்று இலையில் படிந்துவிடும். உப்பு ஈரத்தை இழுக்கும். அன்றைக்கு மொறுமொறுவென்று காய்ந்ததாகத் தெரிந்த இலை, ஐப்பசி மாதத்தில் டப்பாவுக்குள் தானாகவே நமுத்துப்போய்ப் பூஞ்சை பிடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். போதாக்குறைக்குப் பக்கத்து மாடியில் கருவாடு காயும். காய்ந்த இலை வாசனையைப் பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும். கருவாட்டு மணத்தோடு துளசித் தேநீரை யார் குடிப்பது!

வழி எளிதுதான். இலையைத் தண்ணீரில் ஒருமுறை அலசி, நீரை உதறி, வீட்டுக்குள் காற்றோட்டமான அறையில் ஓலைப்பாயிலோ வெள்ளைத் துணியிலோ ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பலாம். கிளையோடு கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவது இன்னும் நல்லது. நாளுக்கு இருமுறை புரட்டிவிட வேண்டும். துளசி நான்கைந்து நாளில் காய்ந்துவிடும். ஆடாதோடைக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கற்பூரவல்லியைக் காயவைக்கவே முயற்சி செய்ய வேண்டாம். சதைப்பற்றான அந்த இலை காய்வதற்குள் அழுகிவிடும். அதைச் செடியிலேயே விட்டுவைத்து, தேவைப்படும்போது பறித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

காய்ந்ததா என்று பார்க்கக் காம்பை ஒடித்துப் பாருங்கள். வளையாமல் 'டக்'கென்று ஒடிய வேண்டும். பச்சையாக ஒரு கிலோ இருந்த துளசி, காய்ந்தால் கால் கிலோகூடத் தேறாது. கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, முதல் ஒரு வாரம் தினமும் எட்டிப் பார்க்க வேண்டும். ஜாடியின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். வெளியே எடுத்து மறுபடி உலர்த்தலாம். பூஞ்சை வாடை லேசாக வந்தாலும் அந்த ஜாடி மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும். மேலே இருப்பதை மட்டும் எடுத்துவிட்டு அடியில் இருப்பதைப் பயன்படுத்தலாம் என்ற சிக்கனம் மருந்து விஷயத்தில் செல்லாது.

ஜாடியின் மேல் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுவது அவசியம். பொடியான பிறகு எல்லா இலையும் ஒரே பச்சைதான்.

சித்த மருத்துவத்தில் ஒவ்வொரு மருந்து வடிவத்துக்கும் ஆயுள் சொல்லிவைத்திருக்கிறார்கள். கஷாயம் எனும் குடிநீருக்கு ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம்தான். காலையில் காய்ச்சியதை ஃபிளாஸ்க்கில் ஊற்றி இரவு வரை குடிப்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. சூரணம் எனும் பொடிக்கு மூன்று மாதம். புரட்டாசிக் கடைசியில் இடித்த பொடி மார்கழிக் கடைசி வரை வரும். மழையும் பனியும் முடியும் வரை அது தாங்கிவிடும்.

கருப்பட்டி இல்லாமலா?

மருந்துக்கு இனிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், அதுவும் இந்த மண்தான். சாயல்குடி, கடலாடிப் பக்கம் பனங்காடுகள் நிறைந்த பூமி. கோடையில் பதநீர் இறக்கிக் காய்ச்சிய கருப்பட்டியை ஓலைக் கொட்டானில் போட்டு, அடுப்புப் புகை படும் பரணில் ஏற்றிவைப்பது பழைய வழக்கம். மழைக்காலத்தில் அது இளகி ஒழுகாமல் இருக்க அந்தப் புகைதான் காவல். சுக்கு, மிளகு, மல்லி விதையை வறுத்துப் பொடித்துக் கருப்பட்டியோடு கொதிக்கவிட்டால் சுக்குக் காபி. அதில் காயவைத்த துளசி ஒரு சிட்டிகை. கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை நீரிழிவு உள்ளவர்கள் மறந்துவிடக் கூடாது. 'நாட்டுச் சரக்கு' என்பதற்காக ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் இருக்காது.

ஆடாதோடையைப் பிள்ளைகள் குடிக்கும்படி செய்ய ஒரே வழி மணப்பாகு. பத்து இலையை நறுக்கி, இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு அரை டம்ளராக வற்றும்வரை சிறு தீயில் கொதிக்கவிட்டு வடிகட்ட வேண்டும். அதே அளவு பனங்கற்கண்டு சேர்த்துப் பாகு பதத்துக்குக் காய்ச்சி இறக்கினால் தேன் நிறத்தில் வரும். பெரியவர்களுக்கு ஒரு டீஸ்பூன், நாளுக்கு இரண்டு முறை. சித்த மருந்தகங்களில் கிடைக்கும் ஆடாதோடை மணப்பாகு பல மாதம் கெடாது. வீட்டில் செய்ததை ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை கூடவே கூடாது. கருப்பையைச் சுருங்கவைக்கும் குணம் அந்த வாசிசினுக்கே உண்டு.

மழை பெய்த பிறகு இன்னொரு அறுவடை

முதல் இரண்டு மழைக்குப் பிறகு பாருங்கள், வேலி ஓரமெல்லாம் முசுமுசுக்கை படர்ந்திருக்கும். சொரசொரப்பான இலை, சிவந்த சின்னப் பழம். நடாமல் வருவது, விலை இல்லாதது. இதைக் காயவைக்க வேண்டியதே இல்லை. ஊறவைத்த பச்சரிசியோடு ஒரு கைப்பிடி இலை, நான்கு மிளகு, கொஞ்சம் சீரகம் சேர்த்து அரைத்து அடையாக ஊற்றினால் மூக்கடைப்போடு சாப்பாடே இறங்காத பிள்ளையும் இரண்டு சாப்பிடும். மருந்து என்று சொல்லாமல் கொடுப்பதில் இருக்கிறது தாய்மாரின் சாமர்த்தியம்.

மூன்றில் ஒரு பங்கு விட்டுவைத்த தூதுவளையும் இந்த நேரத்தில்தான் துளிர்க்கும். இளம் இலையில் முள் அவ்வளவாக உறுத்தாது. நெய்யில் வதக்கித் துவையலாகவோ, ரசத்திலோ போடலாம். முடக்கத்தானும் கூடவே முளைக்கும். வாடைக் காற்றில் மூட்டு பிடித்துக்கொள்ளும் பெரியவர்களுக்கு அதன் தோசையை இந்தக் காலத்தில் விரும்பிச் செய்வார்கள். அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

கற்பூரவல்லி இலையை வாயில் போட்டு மென்றால் ஓமத்தின் காரம் தெரியும். ஓமவல்லி என்ற இன்னொரு பெயர் சும்மா வரவில்லை: ஓமத்தில் இருக்கும் தைமாலும் கார்வக்ராலும் இந்த இலையிலும் இருக்கின்றன. இரண்டு இலையைத் தணலில் வாட்டிப் பிழிந்தால் வரும் சாறு சில சொட்டுகள்தான். அதில் தேன் கலந்து கொடுப்பது வழக்கம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது என்பது இன்றைய குழந்தைகள் மருத்துவர்கள் எல்லோரும் சொல்வது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்துகள் அந்த வயதில் நரம்பையே செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். கைக்குழந்தைகளுக்கு இருமல் என்றால் இந்தக் கட்டுரையில் உள்ள எதுவும் வேண்டாம், நேராக மருத்துவரிடம்தான்.

நொச்சிக்கு ஆவி பிடிப்பதே பிரதானம். பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, தரையில் அசையாமல் வைத்து, பெரியவர்கள் மட்டும் போர்வைக்குள் போகலாம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஆவி பிடிக்கவைக்கும்போது கொதிநீர் கவிழ்ந்து தொடை வெந்துபோய் மருத்துவமனைக்கு வருவது ஒவ்வொரு மழைக்காலத்திலும் நடக்கிறது. சளி நான்கு நாளில் போய்விடும், அந்தத் தழும்பு போகாது.

ஒரே பெயர், இரண்டு செடி

இந்த மாவட்டத்தில் மூலிகை பேசுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு குழப்பம் உண்டு. சாயல்குடி பக்கம் யாரிடமாவது 'அவுரி' என்று சொன்னால் அவர்கள் காட்டுவது பெரும்பாலும் நிலாவிரையை. சென்னா என்ற பெயரில் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் மலமிளக்கி இலை அது. ராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் மானாவாரியாகப் பயிராவது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இடம்பெற்றிருப்பது. ஆனால், சித்த மருத்துவ நூல்களில் அவுரி என்பது நீலச்சாயம் எடுக்கும் செடி. தலைமுடி எண்ணெய்க்கும் சாயத்துக்கும் சேர்ப்பது அதைத்தான். யூடியூப் பார்த்துவிட்டு அவுரி இலை வாங்கிக் கஷாயம் வைத்தவர், கையில் கிடைத்தது நிலாவிரை என்றால் ராத்திரி முழுக்கக் கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக நடக்க வேண்டியதுதான். சின்னப் பிள்ளைகளுக்கு அது நீரிழப்பில் கொண்டுபோய் விடும்.

நித்தியகல்யாணியும் அப்படித்தான். கொல்லை எங்கும் பூத்துக் குலுங்கும். இதே மாவட்டங்களில் பயிராகவும் விளைகிறது. ரத்தப் புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் மருந்துகள் கிடைப்பது இந்தச் செடியிலிருந்து. கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இரு ஆய்வாளர்கள் 1950-களின் கடைசியில் இதைக் கண்டறிந்தார்கள். அணுக்களின் பெருக்கத்தையே நிறுத்தும் அளவுக்கு வீரியமான ஒன்றைச் சர்க்கரை நோய்க்கு என்று வீட்டில் கொதிக்கவைத்துக் குடிப்பது விளையாட்டல்ல.

எல்லாவற்றையும்விட எச்சரிக்கை தேவைப்படுவது ஆடுதின்னாப்பாளைக்கு. கரிசல் காட்டு ஓரங்களில் தரையோடு படர்ந்து கிடக்கும் இது, பூச்சிக்கும் தோல் நோய்க்கும் பழைய கைவைத்தியத்தில் உண்டு. இந்த இனத்துச் செடிகளில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைப் பழுதாக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலரின் சிறுநீரகம் செயலிழந்தபோதுதான் உலகம் விழித்துக்கொண்டது. பாட்டி கொடுத்தாள், ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்கலாம். சிறுநீரகப் பாதிப்பு மறுநாள் காலையில் தெரிவதில்லை. வருடங்கள் கழித்துத்தான் தெரியும். பாட்டிக்கு அதை இதோடு முடிச்சுப்போட வழியே இருந்திருக்காது.

நிலவேம்பு வேறு, நிலவேம்புக் குடிநீர் வேறு

2012-ல் டெங்கு தமிழகத்தை உலுக்கியபோது அரசு மருத்துவமனைகளில் வரிசையில் நின்று நிலவேம்புக் குடிநீர் வாங்கிக் குடித்தது பலருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு நிலவேம்பு நடும் ஆசையும் வந்தது. நல்ல ஆசைதான். ஆனால், நிலவேம்புக் குடிநீர் என்பது நிலவேம்பு மட்டுமல்ல. வெட்டிவேர், விலாமிச்சைவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என இன்னும் எட்டுச் சரக்குகள் சம எடையில் சேர்ந்தது. கொல்லையில் ஒடித்த இலையை மட்டும் கொதிக்கவைத்தால் கசப்பு கிடைக்கும், அந்த மருந்து கிடைக்காது. தமிழக அரசின் டாம்ப்கால் நிறுவனத் தயாரிப்போ, சித்த மருத்துவப் பிரிவில் கொடுக்கும் பொடியோதான் நம்பகமானது. 5 கிராம் பொடியை 200 மில்லி தண்ணீரில் போட்டு 50 மில்லியாக வற்றவைப்பது வழக்கமான அளவு.

இதைக் குடித்துவிட்டோம் என்று காய்ச்சலை வீட்டிலேயே வைத்துக்கொண்டிருப்பதுதான் இங்கே உண்மையான ஆபத்து. மழைக்காலக் காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நின்றால் ரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கண்டம். 'ஜுரம் விட்டுவிட்டது, கஷாயம் கேட்டுவிட்டது' என்று வீட்டார் நிம்மதியடையும் அந்த நாளில்தான் விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல் போன்றவை தொடங்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டியதுதான். முன்பு போல எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. ராமநாதபுரத்திலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க, சர்க்கரைக்கு, ரத்த அழுத்தத்துக்கு என்று ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் எந்தக் கஷாயத்தையும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடர்ந்து குடிக்கக் கூடாது.

இலையை விற்றவர்களே பங்குதாரர்கள் ஆனார்கள்

மூலிகை பறிக்கும் வேலை தென் மாவட்டங்களில் பெரும்பாலும் பெண்களுடையது. ஈரம் இருக்கிறது, தூசி இருக்கிறது என்று சொல்லித் தரகர் விலையைக் குறைப்பார், எடைபோடுவதும் அவரே. இதை மாற்ற 2000-ம் ஆண்டில் உருவானதுதான் 'கிராம் மூலிகை' நிறுவனம். பெங்களூரைச் சேர்ந்த எஃப்.ஆர்.எல்.எச்.டி அமைப்பு இதற்குத் துணை நின்றது. மூலிகை சேகரிக்கும் குழுக்களே அதில் பங்குதாரர்கள். சரியான செடியை அடையாளம் காண்பது, வேரோடு பிடுங்காமல் பறிப்பது, நிழலில் முழுசாகக் காயவைப்பது ஆகிய மூன்றையும் கற்றுக்கொண்டால் விலையும் கூடும், செடியும் மிஞ்சும் என்பதே அதன் வழி. வீட்டுக் கொல்லையில் மூலிகை வளர்க்கும் முயற்சிகளும் இதே வட்டாரத்தில் நடந்தன. ஒரு கைப்பிடி துளசி காயவைக்கும் வீட்டுக்கும் டன் கணக்கில் அனுப்பும் குழுவுக்கும் விதி ஒன்றேதான்: காம்பு டக்கென்று ஒடிய வேண்டும்.

கார்த்திகையில் மழை வலுக்கும்போது கொல்லையில் செய்ய அதிக வேலை இருக்காது. துளசித் தொட்டியில் தண்ணீர் தேங்காமல் சாய்த்துவைக்கலாம். நொச்சிக் குச்சியை ஒடித்து வேலியோரம் ஊன்ற இதைவிட நல்ல ஈரம் கிடைக்காது. முற்றிய துளசிக் கதிரை மழை விட்ட ஒரு வெயில் நாளில் பறித்துக் காகிதப் பொட்டலத்தில் விதையாகக் கட்டிவைக்கலாம். தை பிறந்து வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது ஜாடிகளைத் திறந்து பார்த்து, மிஞ்சிய பழைய பொடியைச் செடிகளின் தூரிலேயே கொட்டிவிட்டு, ஜாடியைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவைத்தால் அந்த வருடத்துக் கணக்கு முடிந்தது.